கட்டி வைத்த பெயர்கள்

அக்காவின் கல்யாணத்தை முடித்துக்கொண்டு துறையூரிலிருந்து நாங்கள் திரும்பிய மறுநாள், சனிக்கிழமை காலை. தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு சந்தின் முனையில் இருந்த எங்கள் அச்சகத்தின் வாசலில் பெரியப்பாவின் மகன் ராஜாமணி அண்ணன் வந்து நின்றார். தலை மழித்திருந்தது. வெயில் அந்தத் தலையில் புதிதாகப் பட்டு மினுங்கியது. கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

அப்பா ட்ரெடில் என்னும் மிதி அச்சு இயந்திரத்தின் உருளையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். இரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டிலிருந்து ஒருவரும் எங்கள் வாசற்படியை மிதித்ததில்லை. அப்பாவின் பார்வை முகத்திலிருந்து தலைக்கு ஏறி அங்கேயே நின்றது. கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததை மீண்டும் மடித்து மேசையின்மேல் வைத்தார்.

"யாரு, ராஜாமணி?"

"அப்பாதான், சித்தப்பா."

"என்னிக்கு?"

"புதன்கிழமை விடியக்காலம்."

அக்காவின் கழுத்தில் தாலி ஏறியது வியாழக்கிழமை காலை. அப்பா அந்த ஒரு நாள் இடைவெளியை மனத்துக்குள் அளந்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் புரூஃப் மேசையில் குனிந்துகொண்டேன். எனக்கு அந்தச் செய்தி மூன்று நாட்களாகத் தெரியும்.

சென்ற வாரம் அச்சகத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, காட்டூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்கள் உறவினர் எவரையும் காணோமே?" அவருக்கான விடை இந்த அத்தியாயத்தில் இருக்கிறது. விடை சொல்ல நான் தயங்கியதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது.

அலமாரியில் ஒரு குடும்பம்

எங்கள் வகையறாவில் காதுகுத்தானாலும், கல்யாணமானாலும், பதினாறாம் நாள் காரியமானாலும் அறிவிப்பு எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகும். மேலே விஷயம் மாறும். கீழே, அழைப்பவர்களின் பெயர்கள் மாறுவதில்லை. பதினொரு பங்காளிகள், வயது வரிசையில் பதினொரு வரிகள். ஒவ்வொரு முறையும் அவற்றைப் புதிதாக அடுக்குவது வீண் வேலை என்று எங்கள் கம்பாசிட்டர் காதர் பாய், அந்தப் பதினொரு வரிகளையும் ஈய எழுத்துகளில் ஒருமுறை கோத்து, சுற்றிலும் நூலால் இறுகக் கட்டி, பழைய செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். தேவைப்படும்போது எடுத்து, விஷயத்துக்குக் கீழே பொருத்தினால் போதும்.

யாராவது இறந்தால் அந்த வரியை உருவிவிடுவார். மகன் தலையெடுத்தால் அவன் பெயரைக் கடைசியில் சேர்ப்பார். நூல் மட்டும் புதிதாகும்.

"உங்க குடும்பமே என் கைக்குள்ள அடங்குது பாரு பாப்பா" என்பார் காதர் பாய், அந்தக் கட்டை உள்ளங்கையில் ஏந்தியபடி. "ஆனா ஈரக் கையோட மட்டும் தொட்டுடாதே. உங்கப்பாவா இருந்தாலும் விடமாட்டேன்."

அந்தக் கட்டின் முதல் வரி மருதமுத்துப் பெரியப்பா. இரண்டாவது வரி அப்பா, வேலாயுதம். பெரியப்பா அப்பாவுடன் கூடப்பிறந்தவர் அல்லர். அப்பாவின் பெரிய தகப்பனாருக்கு மகன். ஆயினும் பத்து வயதில் தகப்பனை இழந்த அப்பாவை உயர்நிலைப் பள்ளிவரை படிக்கவைத்தவர் அவர்தான். அச்சகம் தொடங்கிய நாளில் ட்ரெடில் இயந்திரத்தை மாட்டு வண்டியில் ஏற்றி, காவிரிப் பாலத்தின்மேல் வண்டியோடு நடந்தே வந்தவரும் அவர்தான். பாலத்தில் ஒரு மாடு மிரண்டபோது நுகத்தடியைத் தம் தோளில் தாங்கியதாக அப்பா சொல்வார். அந்தத் தழும்பைப் பெரியப்பா மேல்துண்டால் மறைத்தே வைத்திருந்தார்.

அவருடைய வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையின் வாழைத்தோட்டங்களை நோக்கி இறங்கும் ஒரு தெருவில் இருந்தது. தெரு முழுவதும் எங்கள் பங்காளிகள். நாங்களும் அங்கேதான் குடியிருந்தோம். தேர்தல் என்று வந்தால் அந்தத் தெருவில் எத்தனை வாக்குகள் என்று யாரும் விசாரிப்பதில்லை. "மருதமுத்து வீட்டு ஓட்டு" என்று ஒருமையில்தான் சொல்வார்கள். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் ஒரு வீட்டில் மட்டும் காபி குடித்துவிட்டு, மற்ற வாசல்களை நோக்கிக் கும்பிட்டபடி போய்விடுவார்.

ஒருமுறை அம்மாவிடம், எந்தச் சின்னத்துக்கு வாக்களித்தாள் என்று கேட்டேன்.

"உங்க பெரியப்பா சொன்னதுக்குத்தான். வேற யாரைக் கேட்டுப் போடுறது?"

"நீங்களா ஒண்ணு நினைச்சுப் போடக் கூடாதாம்மா?"

"ஏன்? அவரு என்ன நமக்குக் கெடுதலா சொல்லிடப் போறாரு?"

அம்மாவின் குரலில் அடிமைத்தனம் எதுவும் இல்லை. நம்பிக்கைதான் இருந்தது. அதை நான் இன்றுவரை எளிதில் கடந்துவிட முடியாமல் இருக்கிறேன்.

ஒரு குழாய்

நகராட்சித் தேர்தலில் பெரியப்பாவே எங்கள் வார்டுக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் வடிவேல் வாத்தியார். பச்சைமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஆரம்பப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து, வேலையை விட்ட பிறகும் இங்கேயே வாடகைக்குக் குடியிருந்தவர். தாய் தகப்பன் இல்லை. மனைவியின் உறவும் இந்தப் பக்கம் இல்லை. அவர் கேட்டது ஒரு குழாய். எங்கள் தெருவில் நகராட்சிக் குடிநீர்க் குழாய்கள் மூன்று இருந்தன. அதற்குக் கீழே ஆற்றங்கரைக் குடிசைகளில் ஒன்றுகூட இல்லை. அங்கிருந்த பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் தெரு முனையில், நாங்கள் பிடித்து முடிக்கும்வரை நிற்பார்கள்.

வாத்தியாரை ஆதரிப்பது என்று அப்பா முடிவு செய்தார். முடிவைப் பெரியப்பா பிறர் வாயால் கேட்கவேண்டாம் என்று தாமே அந்தப் பெரிய வீட்டுக்குப் போனார். நானும் உடன் போயிருந்தேன்; அப்போது நான் கல்லூரியில் முதல் ஆண்டு.

பெரியப்பா கோபப்படவில்லை. கேட்டார்:

"வேலு, அவனுக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லைண்ணே. அதனாலதான் எல்லாருக்கும் குழாய் கேக்குறாரு."

"யாரும் இல்லாதவன், நாளைக்கு ஒரு சாவுன்னா தோள் குடுக்க வருவானா?"

"அது வேற, இது வேற அண்ணே."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்டா."

தனபாக்கியம் பெரியம்மா உள்ளிருந்து மோர் கொண்டுவந்தார். "குடிச்சுட்டுச் சண்டை போடுங்க" என்றார். இருவரும் சிரித்துவிட்டார்கள். குடித்தார்கள். அந்த வீட்டில் அப்பா கடைசியாகக் குடித்த மோர் அது.

அந்நாட்களில் அச்சகத்துக்கு வந்த தேர்தல் துண்டறிக்கைகளை எல்லாம் நான் படித்திருக்கிறேன். எந்தக் கட்சியானாலும் தொடக்கம் ஒன்றுதான்: பெரியோர்களே, தாய்மார்களே, சகோதரர்களே. வேட்பாளர் எப்போதும் "உங்கள் குடும்பத்தில் ஒருவன்". முன்பின் அறியாத மனிதரிடம் வாக்குக் கேட்க நம் மொழியில் உறவுச் சொல்லை விட்டால் வேறு சொல் இல்லையோ என்று எனக்குத் தோன்றும். வடிவேல் வாத்தியாரின் அறிக்கையை எழுதிய அப்பா மட்டும் "வாக்காளர்களுக்கு" என்று தொடங்கினார். படித்துப் பார்த்த காதர் பாய், "மொதலாளி, கோர்ட் நோட்டீஸ் மாதிரில்ல இருக்கு!" என்றார்.

ஒரு பிழையும் இல்லை

அந்த அறிக்கையின் அடியில், ஆதரிப்பவர்களின் பெயர்கள் வரவேண்டும். அப்பா "இப்படிக்கு" என்று எழுதி, "பெயர்கள் அப்புறம்" என்று குறித்துவிட்டு, வாத்தியாரிடம் பட்டியல் வாங்கிவரப் புறப்பட்டார். அவர் திரும்புவதற்கு நேரமாயிற்று. மறுநாள் காலையில் அறிக்கை தெருவுக்குப் போயாகவேண்டும்.

காதர் பாய் அடுக்கி முடித்தார். கீழே இடம் காலியாக இருந்தது. பத்து ஆண்டுகளாக அப்பாவின் கையெழுத்தில் "இப்படிக்கு" என்று வந்தால் அடுத்தது என்னவென்று அவர் கைக்குத் தெரியும். பக்கத்திலிருந்த குறிப்பைக் கவனிக்காமல், அலமாரியிலிருந்து கட்டை எடுத்துப் பொருத்திவிட்டார்.

புரூஃப் என்னிடம் வந்தது. அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஒவ்வொரு வரியையும் அடிக்கோல் வைத்துப் படித்தேன். இரண்டு இடங்களில் எழுத்து மாறியிருந்ததைத் திருத்தினேன். பெயர்களுக்கு வந்தேன். சிறுவயது முதல் பார்த்துவரும் வரிசை; மருதமுத்து, வேலாயுதம் என்று தொடங்கும் வரிசை. என் கண் அவற்றின்மேல் எங்கள் தெருவில் நடப்பதுபோல் நடந்து போயிற்று. ஒரு புள்ளியும் தவறவில்லை. தாளின் ஓரத்தில் "பிழை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அப்பா பட்டியலோடு திரும்புவதற்குள் அது அச்சாகி வாத்தியாரின் ஆட்கள் கைக்குப் போயிருந்தது; விடிவதற்குள் அறிக்கை வீடு வீடாகப் போய்விட்டது. மருதமுத்துவுக்கு எதிராக வடிவேலை ஆதரியுங்கள் என்று மருதமுத்துவே தலைமை தாங்கிக் கேட்டுக்கொள்ளும் அறிக்கை. அவருக்குக் கீழே அவருடைய பத்துப் பங்காளிகள்.

ஆற்றங்கரையில் சிரித்தார்கள் என்று கேள்வி. எங்கள் தெருவில் யாரும் சிரிக்கவில்லை. கள்ளக் கையெழுத்து என்றார்கள். கூடப்பிறந்தவனாக இருந்தால் செய்வானா என்றார்கள். மிகச் சொற்ப வாக்குகளில் பெரியப்பா தோற்றார். அதற்கு அந்தத் தாள்தான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. காரணம் அதுதான் என்று தெரு முடிவு செய்துவிட்டது.

நியாயம் கேட்கக் கூடியபோது அப்பாவை நிற்கவைத்துக் கேட்டார்கள். கம்பாசிட்டரின் பழக்கத்தையும் மகளின் கண்ணையும் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அப்பா சொன்னது இவ்வளவுதான்:

"அடியில இருக்கிறது என் பிரஸ் பேரு. தப்பு என்னோடது."

வீட்டில் என்னிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் பெரிய வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிப் போட்டேன். பிறகு போக வழியில்லாமல் போயிற்று. எங்களோடு பேசுவதில்லை, நல்லது கெட்டதுக்கு அழைப்பதில்லை என்று தெரு மொத்தமும் பெரிய வீட்டு வாசலில் சத்தியம் செய்தது. ஆறு மாதத்தில் நாங்கள் ஆற்றைக் கடந்து உறையூருக்குக் குடிவந்தோம்.

வடிவேல் வாத்தியார் ஜெயித்தார். ஆற்றங்கரைக்குக் குழாய் வந்தது. அதைப் பார்க்க நாங்கள் அங்கே இல்லை.

கொள்ளிடப் பாலத்தில்

பங்காளிகள் இல்லாத வீடு என்றால் என்ன என்பதை அக்காவுக்கு வரன் பார்த்தபோது கற்றுக்கொண்டோம். செண்பகம் அக்கா அழகி, பொறுமைசாலி. முதல் இரண்டு வீட்டாரும் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, விசாரித்தபின் விலகினார்கள். பங்காளிகளோடு ஒட்டுறவு இல்லாத வீட்டில் சம்பந்தம் வைத்தால் நாளைக்கு ஒரு வழக்கென்றால் யாரிடம் போய் நிற்பது என்பது அவர்கள் கேள்வி. மூன்றாவது, துறையூர் வீடு. அவர்களும் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்கள். இதுவும் நின்றுபோனால் நான்காவது வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அழைப்பிதழ் அச்சடிக்கும்போது அப்பா தாமே அலமாரியைத் திறந்து கட்டை எடுத்தார். பெரியப்பாவின் பெயர் முதலில் இருந்தபடியே இருந்தது.

"நேர்ல போய்த் தாம்பாளம் வைக்காம, கேக்காம, பேரை மட்டும் போடுறீங்களே" என்றாள் அம்மா. "அவங்க என்ன நினைப்பாங்க?"

"நேர்ல போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க. தபால்ல வர்றதை யாரால நிறுத்த முடியும்?"

பத்து அழைப்பிதழ்களைத் தபாலில் அனுப்பினார். முகூர்த்தம் மாப்பிள்ளை வீட்டில். எல்லோரும் இரண்டு நாள் முன்னதாகவே துறையூர் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் புதன்கிழமை முற்பகலில் கடைசித் தேர்வு இருந்தது. எழுதிவிட்டுப் பிற்பகலில் சத்திரத்தில் பஸ் ஏறினேன்.

சித்திரை வெயில். கொள்ளிடப் பாலத்துக்குச் சற்று முன்னால், எதிரே வரும் வண்டிகளுக்காக பஸ் நின்றது. மணலிலிருந்து மேடேறி ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஈர வேட்டியில் இருந்தார்கள். முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எங்கள் தெருவின் முகங்கள். நடுவில் மழித்த தலையோடு ராஜாமணி அண்ணன்.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். ஈர மண் வாசனையோடு புகை வாசனையும் வந்தது.

"பெரியப்பாவா?"

"ம். விடியக்காலம். தூக்கத்துலயே."

"அப்பாவுக்கு..."

"சொல்லக் கூடாது. அம்மா பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காங்க. நாளைக்குச் செண்பகத்துக்குத் தாலி ஏறட்டும். அதுவரைக்கும் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சேதி போகக் கூடாது." தலையைத் துடைத்துக்கொண்டார். "அழாதே கமலா. பஸ்ல யாராவது கேப்பாங்க. நீ எங்களப் பாக்கவே இல்லை. தெரிஞ்சுதா?"

பஸ் நகர்ந்தது.

எங்கள் வழக்கம் இது: பங்காளி இறந்தால் பதினாறு நாள் தீட்டு, அதற்குள் சுபகாரியம் கூடாது. ஆனால் செய்தி காதில் விழுந்த கணத்திலிருந்துதான் அந்தத் தீட்டு. விழாதவரை இல்லை. பெரியம்மா கணவரின் உடலுக்கருகே உட்கார்ந்து எங்கள் வீட்டுக் கல்யாணத்தைக் காப்பாற்றியிருக்கிறார். எங்களோடு பேசுவதில்லை என்று சத்தியம் செய்த அதே மனிதர்கள், அதே வாசலில், எங்களுக்காக இன்னொரு முறை சத்தியம் செய்திருக்கிறார்கள். ஒரே கட்டுப்பாடுதான் எங்களை அன்று வெளியே தள்ளியது. இன்று தாங்கிப் பிடித்தது. திருவெள்ளறை தாண்டும்வரை இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு முடிவு எதுவும் கிட்டவில்லை.

பந்தலுக்கு வெளியே

ஆனால் என் காதில் விழுந்துவிட்டது. மணப்பெண்ணின் தங்கை நான்; குத்துவிளக்கை ஏந்தி அக்காவுக்கு முன்னே நடக்கவேண்டியவள். அந்தத் தீட்டோடு விளக்கைத் தொட என்னால் இயலாது. தொடாமல் இருப்பதற்குக் காரணம் சொல்லவும் இயலாது. யாரும் மறுகேள்வி கேட்காத காரணம் பெண்களுக்கு ஒன்றுதான் உண்டு.

"அம்மா, நான் வீட்டுக்குத் தூரம்."

"இன்னிக்கா? உனக்கு இன்னும் பத்து நாள் இருக்கேடி!"

"பரீட்சை அலைச்சல்."

"ராத்திரி பகல்னு கண் முழிச்சா உடம்பு கேக்குமா? ஒரே அக்கா கல்யாணம், அதையும் கண்ணால பாக்கக் குடுத்து வைக்கலை உனக்கு. போ, பின்கட்டுல போய் உக்காரு. எதையும் தொட்டு வைக்காதே."

அடுத்த வீட்டுக் கொல்லைச் சார்ப்பில் எனக்குப் பாய் போட்டார்கள். கீற்று இடுக்கு வழியே பந்தலின் ஒரு மூலை தெரிந்தது. மணவறை தெரியவில்லை. அப்பாவின் முதுகும், அவர் பார்த்துக்கொண்டிருந்த தெரு வாசலும் தெரிந்தன.

ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அப்பா வாசலைப் பார்த்தார். கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. யாராவது இறங்கினால் ஓர் அடி முன்னால் வைத்து, முகம் தெரிந்ததும் அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் அழைப்பிதழை விசிறியாக வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"என்ன சம்பந்தி, பேரு ஒரு முழத்துக்கு இருக்கு, ஆளு ஒருத்தரையும் காணோம்? எல்லாரும் பேப்பர்லயே வந்துட்டுப் போயிட்டாங்களா?"

சிலர் சிரித்தார்கள். "வருவாங்க. பஸ் லேட்டா இருக்கும்" என்றார் அப்பா.

கெட்டிமேளம் முழங்கியபோதும் அவர் பாதி வாசல் பக்கமாகத்தான் நின்றிருந்தார். நான் மேளத்தை மட்டும் கேட்டேன். அட்சதை போட என் கையில் எதுவும் இல்லை.

பந்தி முடிந்து அம்மா எனக்கு இலையில் சாதம் கொண்டுவந்து தள்ளி வைத்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"ஒருத்தர் வந்தாங்களா பாரு. அந்தப் பெரிய மனுஷன் ஒரு அஞ்சு நிமிஷம் தலையைக் காட்டியிருந்தா என்ன குறைஞ்சா போயிருப்பாரு? நெஞ்சுல ஈரம் இல்லாத ஜனங்க. இவங்கல்லாம் நல்லா இருப்பாங்களா, சொல்லு!"

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா தன் வாயால் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அங்கே பெரியப்பாவின் சாம்பலுக்குப் பால் தெளித்துவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள்.

முதல் வரி

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். ராஜாமணி அண்ணன் தாளை நீட்டினார். அப்பா கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியிலேயே இருந்தது. தாளை என்னிடம் கொடுத்தார்.

பதினாறாம் நாள் காரிய அறிவிப்பு. இறந்தவரின் பெயர், நாள், இடம், நேரம் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. "இப்படிக்கு" என்பதோடு நின்றிருந்தது. மடிப்புக்குள் இருந்தது அக்காவின் கல்யாண அழைப்பிதழ்.

"பேரெல்லாம் எழுதலை, சித்தப்பா. அம்மா இதைக் குடுத்துவிட்டாங்க. இதுல இருக்கிற வரிசை அப்படியே இருக்கட்டும், முதப் பேரை மட்டும் எடுத்துட்டாப் போதும்னு சொன்னாங்க."

காதர் பாய் எழுத்துப் பெட்டியின் முன் அசையாமல் நின்றார்.

"இதை அண்ணன் பாத்தாரா?" என்றார் அப்பா.

"தபால் வந்த அன்னிக்கே. படிடான்னாரு. பேர் வரைக்கும் படிச்சேன். 'என்னைக் கேக்காமலே என் பேரைப் போட்டுட்டானா?'ன்னாரு. அப்புறம் சிரிச்சுட்டாரு. 'இது ரெண்டாவது தடவை'ன்னாரு."

அப்பா எழுந்து கொல்லைப்புறம் போனார். சாவுச் செய்தி கேட்டவர் குளிக்கவேண்டும். வீடுவரை போக அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. குழாயடியில் சட்டையோடு உட்கார்ந்து, வாளி வாளியாக ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தின் மறைவில்தான் எனக்கு வாய் திறந்தது.

"அண்ணே, அன்னிக்கு அந்த நோட்டீஸைப் படிச்சுச் சரின்னு கையெழுத்துப் போட்டது நான்தான். அப்பா இல்லை."

"தெரியும்."

"எப்படி?"

"காதர் பாய் அடுத்த வாரமே வந்து சொல்லிட்டாரு. எங்க அப்பாவுக்கும் தெரியும்."

காதர் பாய் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார்.

"தெரிஞ்சுமா ரெண்டு வருஷம்..."

ராஜாமணி அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்தார். "அவருக்காகத்தானே தெரு மொத்தமும் கோவிச்சுக்கிட்டுச் சத்தியம் பண்ணுச்சு. அத்தனை பேரு கோவமா நிக்கிறப்போ, அவரு மட்டும் எனக்குக் கோவம் தீந்துபோச்சுன்னு எப்படிச் சொல்லுவாரு? தினமும் சாயந்தரம் மாம்பழச்சாலை வரைக்கும் நடந்து வருவாரு. பாலத்தைப் பாப்பாரு. திரும்பிடுவாரு."

இலக்கிய வகுப்பில் தலைவன் என்ற சொல்லுக்கு எத்தனையோ விளக்கங்களைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். பாலத்தின் முனைவரை வந்து திரும்பும் மனிதரைப் பற்றி எந்தக் குறிப்பும் என்னிடம் இல்லை.

அப்பா சொட்டச் சொட்ட வந்து நின்றார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உனக்குத் தெரியும்."

"ஆமாம்ப்பா. முதல் நாளே. பாலத்துல பாத்தேன்."

அவர் தலையை அசைத்தார். அதில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. ராஜாமணி அண்ணனிடம் திரும்பி, வெகு மெதுவாகக் கேட்டார்:

"தூக்கறதுக்கு... நாலு பேர் இருந்தாங்களா?"

"இருந்தாங்க சித்தப்பா. பங்காளிங்க மூணு பேர். உங்க இடத்துல யாரு நிக்கிறதுன்னு ஒரு நிமிஷம் யாரும் முன்னால வரலை. வடிவேல் வாத்தியார் வந்து தோள் குடுத்தாரு. அம்மா வேணாம்னு சொல்லலை."

அப்பா அலமாரியைத் திறந்து, செய்தித்தாளைப் பிரித்து, கட்டை எடுத்து மேசையில் வைத்தார். நூலை அவிழ்த்தார். முதல் வரியை விரல்களால் நெம்பித் தூக்கினார். அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றுக்குரிய அறைகளில் தாமே போட்டார். மறுநாள் வேறு யாருடைய பெயருக்கோ, வேறு எந்தச் செய்திக்கோ அந்த எழுத்துகள் போய்விடும். அவர் முழங்கையிலிருந்து தண்ணீர் எழுத்துப் பெட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. காதர் பாய் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மிஞ்சிய பத்து வரிகளை அப்பா நெருக்கிச் சேர்த்தார். இப்போது முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. அதைப் பார்க்காமலேயே நூலைச் சுற்றினார். ஈர விரல்களில் முடிச்சு நழுவியது. ராஜாமணி அண்ணன் வந்து நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

புரூஃப் என்னிடம் வந்தது. அடிக்கோலை எடுத்தேன். பெயர்களுக்கு வந்ததும், ஒவ்வொரு பெயரிலும் அதற்குரிய முகம் என் கண்ணுக்குள் வரும்வரை நின்றேன். மணலிலிருந்து மேடேறி வந்த முகங்கள். திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இருந்தும் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அன்று யாரும் அவசரப்படுத்தவில்லை.